கடைசி பெஞ்சில் தமிழ் மேடம்

சீட்டுக் குலுக்கலில் எனக்குத் தமிழ் மேடம் வந்தார்.

எங்கள் கல்லூரியில் அந்தப் பருவத்தில் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆசிரியர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு இருவரும் பேசிக்கொள்ள வேண்டும்; எது நன்றாக இருந்தது, எதை மாற்றினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று. மதிப்பெண் கிடையாது, மேலிடத்துக்கு அறிக்கை கிடையாது. ஒரே துறைக்குள் ஜோடி சேர்த்தால் பாடத்தைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொள்வீர்கள் என்று சொல்லி, முதல்வர் எல்லோர் பெயரையும் எழுதி ஒரு டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். பார்க்கப் போகிறவர் வகுப்பில் வாயைத் திறக்கக்கூடாது என்று ஒரே ஒரு விதி மட்டும் வைத்தார்.

நான் இயற்பியல். தமிழ் மேடத்தை வராந்தாவில் பார்த்தால் சிரிப்பேன், அவ்வளவுதான் பழக்கம். ஆனால் அவர் குரலை நன்றாகத் தெரியும். என் வகுப்புக்கு இரண்டு அறை தள்ளி அவர் பாடம் நடத்துவார். வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரனை அமுக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்போதுகூட அவர் குரல் தனியாகக் கேட்கும். நடுவில் மாணவர்கள் சிரிக்கும் சத்தமும் கேட்கும். தூத்துக்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். யானைக்கவுனியில் அவர் மாமனாருக்கு மிளகாய், புளி மொத்தக் கடை. சென்னைக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் ஊர்ப் பேச்சு மாறவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாகவும் தெரியவில்லை.

முதல் நாளே என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மேடம், ஒண்ண மொதல்லயே சொல்லிருதேன். பள்ளிக்கூடத்துல இயற்பியல்னா எனக்குக் காய்ச்சல் வந்துரும். உங்க வகுப்புல வந்து நான் எதப் பாக்கணும், சொல்லுங்க.”

நான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன். “எல்லாரும் கவனமா கேக்குறாங்க. நோட்டுல எழுதுறாங்க. ஆனா ஒருத்தர்கூட சந்தேகம் கேக்க மாட்டேங்கறாங்க. ஏன்னு பாத்துச் சொல்லுங்க.”

“சரி. அதத்தான் பாக்கப் போறேன்” என்று எழுந்து போனார்.

நான் வகுப்பில் எப்படிப் பேசுவேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். நான் வியாசர்பாடி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் அம்மாவோடு, தம்பியோடு இன்றுவரை எங்கள் பாஷைதான். முதுகலை படிக்க நகரத்தின் தென்பக்கம் இருந்த ஒரு கல்லூரிக்குப் போனபோது, நான் ‘இன்னா’ என்று சொன்னதும் சிலர் சிரித்தார்கள். மோசமாகச் சிரிக்கவில்லை, சினிமா பார்த்துச் சிரிப்பது போலத்தான் சிரித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அன்றிலிருந்து வெளியே பேசுவதற்கென்று ஒரு தமிழை வைத்துக்கொண்டேன். வேலைக்கு வந்த பிறகு அதுவே வகுப்புத் தமிழாகிவிட்டது. பாதி ஆங்கிலம், மீதி பாடப்புத்தகம். செல்போனில் அம்மா கூப்பிட்டால் மாடிப்படிக்குக் கீழே போய்த்தான் பேசுவேன்.

அந்த வாரம் முதலாண்டு மாணவர்களுக்கு வட்ட இயக்கம் நடத்தினேன். தமிழ் மேடம் மணி அடிக்கும் முன்பே வந்து, கடைசி பெஞ்சில் இரண்டு பெண்களுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார். கைப்பையைத் திறந்து இஞ்சி மரப்பா எடுத்து அந்தப் பெஞ்சு முழுக்கக் கொடுத்தார். பிள்ளைகள் என்னைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா என்று திண்டாடினார்கள்.

நான் கரும்பலகையில் வட்டம் போட்டேன். வட்டத்தில் சுற்றும் பொருளின் மேல் ஒரு விசை செயல்படுகிறது, அது மையத்தை நோக்கி இருக்கிறது, அதற்கு மையநோக்கு விசை என்று பெயர் என்று சொல்லிக்கொண்டே போனேன். சமன்பாட்டை எழுதினேன். எல்லோரும் எழுதினார்கள். “புரிஞ்சுதா?” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. வளையல் சத்தம் கேட்டது. தமிழ் மேடம்தான்.

“மேடம், எனக்குப் புரியல.”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கு விதி ஞாபகம் வந்தது. அவருக்கு வரவில்லை போலிருந்தது.

“விசை உள்ள இழுக்குதுன்னு சொல்லுதீங்க. நான் தினமும் ஸ்டேஷன்ல எறங்கி ஷேர் ஆட்டோல வாரேன். தேரடிகிட்ட அவன் வளைச்சுத் திருப்புவாம்லா, அப்ப நான் வெளியதான் போறேன். பக்கத்துல இருக்கவங்க மேல போய் விழுதேன். உள்ள யாரும் என்ன இழுக்கலையே.”

சில பையன்கள் சிரித்தார்கள். ஆனால் நிறையப் பேர் சிரிக்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அவர்களுக்கும் அதே கேள்விதான் இருந்தது. வருடா வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். வருடா வருடம் தலையாட்டியவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியை ஷேர் ஆட்டோவிலேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

நான் புத்தகத்தில் உள்ளபடி விளக்கினேன். நிலைமம் என்றேன், சார்புச் சட்டகம் என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “அப்பவும் நான் வெளியதான மேடம் போறேன்?” என்றார். நடிப்பில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. மறுபடி விளக்கினேன். மறுபடி, “இல்ல மேடம், வெளிய தள்ளுதுல்லா” என்றார். முன்வரிசைப் பையன் ஒருவன், “ஆமா மேம், தள்ளுது மேம்” என்று அவரோடு சேர்ந்துகொண்டான்.

சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றேன். வீட்டில் தம்பியிடம் பேசுவது போல வாயிலிருந்து வந்துவிட்டது.

“உன்ன யாரு தள்ளுனா? நீ பாட்டுக்கு நேரா போய்க்கினு கீற. ஆட்டோதான் திரும்புது. திரும்புற ஆட்டோவோட கம்பி வந்து உன்ன இடிக்குது. இடிச்சு உள்ள தள்ளுது. அந்தத் தள்ளுதான் மையநோக்கு விசை.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. ஒரு சக ஆசிரியரை ‘கீற’ என்று சொல்லிவிட்டேன். அதுவும் வகுப்பு நடுவில்.

தமிழ் மேடம் வாயைப் பாதி திறந்தபடி காற்றில் ஒரு கையை நேராக நீட்டினார், இன்னொரு கையை வளைத்தார், இரண்டையும் மோதவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“நான் நேராத்தான் போறேன்” என்று மெதுவாகச் சொன்னார். “ஆட்டோதான் என்மேல வந்து இடிக்கி.”

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “மேம், நீங்க எந்த ஏரியா மேம்?”

“வியாசர்பாடி.”

“நான் புளியந்தோப்பு மேம்” என்றான் அவன், ஏதோ பரிசு கிடைத்த மாதிரி.

அதன் பிறகு வகுப்பு என் கையில் இல்லை. மீஞ்சூரிலிருந்து பைக்கில் வருகிற ஒருவன், வளைவில் பைக்கைச் சாய்க்கிறோமே, அது எதற்கு என்று கேட்டான். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி திரும்பும்போது கவிழ்ந்ததைப் பார்த்த பெண் ஒருத்தி, அதில் லோடு இருந்ததால் கவிழ்ந்ததா, வேகத்தாலா என்று கேட்டாள். துணி துவைக்கிற மெஷினில் தண்ணீர் எப்படி வெளியே போகிறது என்று ஒருவன் கேட்க, பக்கத்திலிருந்தவளே, “தண்ணி நேரா போய்க்கினு கீதுடா, டிரம்முதான் திரும்புது” என்று பதில் சொல்லிவிட்டாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்த கணக்கு சார் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பேசினால் ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்கள் என்று, சாயங்காலம் இருவரும் ராயபுரம் பக்கம் ஒரு அத்தோ கடைக்குப் போனோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. புளித்தண்ணீரும் வறுத்த பூண்டும் போட்டு, கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார்கள். தமிழ் மேடம் இத்தனை வருடத்தில் அதைச் சாப்பிட்டதே இல்லையாம். ஒரு வாய் வைத்தார். தங்கள் கடைப் புளியை விட இது நல்ல புளி என்றார்.

“மொதல்ல என் தப்பச் சொல்லிருதேன். வாயத் திறக்கக்கூடாதுன்னு முதல்வர் சொன்னாரு. திறந்துட்டேன். நெசமாவே புரியல, அதான் கை தானா தூக்கிட்டு.”

“நான்தான் தப்பு பண்ணேன் மேடம். உங்களப் போயி அப்படிப் பேசிட்டேன்.”

“எப்படிப் பேசிட்டீங்க?”

“அதான். கீற, கினுன்னு.”

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “மேடம், அதுக்கு முன்னால நீங்க பேசுன எதுவும் எனக்கு ஏறல. அந்த ஒரு வரிதான் ஏறிச்சு. எனக்கு மட்டுமில்ல, நான் கடைசி பெஞ்சுல இருந்து பாத்தேன். அது வரைக்கும் பிள்ளைங்க எல்லாம் பேனாவப் பாத்துட்டு இருந்தாங்க. நீங்க ‘கீற’ன்னதும் தலைய நிமித்திட்டாங்க. ஏன் சந்தேகம் கேக்கலன்னு பாக்கச் சொன்னீங்கள்லா? நீங்க பேசுறது அச்சடிச்ச மாதிரி இருக்கு. அச்சடிச்சதுகிட்ட யாரு சந்தேகம் கேப்பா?”

வறுத்த வெங்காயமும் பூண்டும் அடைத்த முட்டை பேஜோ ஒரு தட்டு சொன்னேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டே, “அந்த வரிய நான் எடுத்துக்கிடலாமா?” என்று கேட்டார். “அடுத்த வாரம் துணைவினை நடத்தணும். நீங்க பாக்க வருவீங்கள்லா, அன்னைக்கு.”

அந்தப் பேச்சை வகுப்பில் மறுபடி கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. என்றாலும் அவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

அடுத்த வாரம் அவர் வகுப்பில் நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் காசிமேட்டிலிருந்து வருகிற ஒரு பெண். ஒல்லியாக இருப்பாள். என் வகுப்பிலும் இருக்கிறாள், ஆனால் அவள் குரலை நான் கேட்டதில்லை.

தமிழ் மேடம் வந்ததும் பலகையில் பெரிதாக எழுதினார்: ‘நீ நேரா போய்க்கினு கீற.’ வகுப்பு சிரித்துத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

“எதுக்குச் சிரிக்கிய?” என்றார் அவர். “இதுல என்ன குறை இருக்கு, சொல்லுங்க பாப்போம்.” அவரே தொடர்ந்தார். “ஒரு குறையும் இல்ல.” அதற்குக் கீழே ‘போய்க்கொண்டு இருக்கிறாய்’ என்று எழுதினார். இரண்டு வரிக்கும் நடுவில் கோடுகள் போட்டு இணைத்தார். ‘கொண்டு’ எப்படித் தேய்ந்து ‘கினு’ ஆனது, ‘இருக்கிறாய்’ எப்படிச் சுருங்கிக் ‘கீற’ ஆனது என்று காட்டினார். தன் ஊரில் அதே ‘கொண்டு’ எப்படிக் ‘கிட்டு’ என்றும் ‘ட்டு’ என்றும் ஆகிறது என்று சொல்லிக் காட்டினார். பிறகு, “ஒரு பொருள் போற வழியில நிக்காம போய்க்கிட்டே இருக்கும்னு உங்க இயற்பியல் மேடம் சொன்னாங்கள்லா? அந்த ‘நிக்காம’ங்கிறது இந்த வரியில எங்க இருக்கு? ‘கினு’ல இருக்கு” என்றார்.

நான் கைதட்டியிருப்பேன். விதியை நினைத்து அடக்கிக்கொண்டேன். என் வாயிலிருந்து தவறி விழுந்த ஒரு வரி, இலக்கணத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் இடம் கிடைத்துப் பலகையில் நின்றதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அம்மாவும் அங்கே இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

ஆனால் நான் பார்க்கப் போயிருந்தேன் அல்லவா, அதனால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மேடம் நிறையக் கேள்வி கேட்டார். நல்ல நல்ல கேள்விகள். ஒவ்வொன்றையும் கேட்டு மூச்சு விடுவதற்குள் அவரே பதிலும் சொல்லிவிட்டார். என் பக்கத்திலிருந்த பெண் ஒவ்வொரு முறையும் வாயெடுத்தாள். உதடு பிரியும். அதற்குள் மேடத்தின் பதில் வந்துவிடும். உதடு மூடிக்கொள்ளும். ஒரு தடவை அவள் எனக்கு மட்டும் கேட்கும்படி பதிலை முணுமுணுத்தாள். சரியான பதில். நான் அவளைப் பார்த்துத் தலையசைத்தேன். அவள் வெட்கப்பட்டு நோட்டில் குனிந்துகொண்டாள்.

இதை எப்படிச் சொல்வது என்று எனக்குக் கவலையாக இருந்தது. சாயங்காலம் திருவொற்றியூர் ஸ்டேஷனில் அவருடைய ரயிலுக்காக இருவரும் நின்றிருந்தோம். முதலில் நன்றாக இருந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, “அது சரி, இன்னொண்ணு வச்சிருக்கீங்க. சொல்லுங்க” என்றார்.

“கேள்வி கேட்டுட்டு நீங்களே பதில் சொல்லிடறீங்க மேடம்.”

அவர் நம்பவில்லை. “நானா?”

“எல்லாக் கேள்விக்கும். என் பக்கத்துல ஒரு பொண்ணு பதிலை வாயிலயே வச்சிக்கினு இருந்தா. நீங்க அவளுக்கு டைமே குடுக்கல.”

அவர் முகத்தைத் தண்டவாளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

“மேடம், நாங்க தலைமுறை தலைமுறையா கடை வச்சிருக்கிற குடும்பம். வந்தவன் வாயத் திறக்கதுக்குள்ள சரக்க எடுத்துப் பொட்டலம் கட்டிருவோம். நின்னா பக்கத்துக் கடைக்குப் போயிருவான்லா? அந்தப் புத்திதான் எனக்கு.” ரயில் வந்து நின்றது. ஏறிக்கொண்டே, “அடுத்த வகுப்புக்கும் வாங்க. நான் பேசாம இருக்கனான்னு பாத்துக்கிடுங்க” என்றார்.

ஏற்பாட்டின்படி எனக்கு இரண்டாம் முறை போக வேண்டிய அவசியம் இல்லை. நானாகவே போனேன். அந்தப் பெண் எனக்காக நகர்ந்து இடம் விட்டாள்.

அன்று பலகையில் ஒரே வரிதான்: ‘புள்ளைய இட்டுக்கினு வந்தா.’

“போன வாரம் ‘கினு’ன்னா தொடர்ந்து நடக்கிறதுன்னு சொன்னேன்” என்றார் மேடம். “இங்கயும் அதே அர்த்தமா? வேறயா?”

கேட்டுவிட்டு நிறுத்தினார். அந்த வகுப்பில் இப்படி ஒரு நிறுத்தத்தை யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் வழக்கம் போலப் பேனாவோடு தயாராக இருந்தார்கள், பதில் வரும் என்று. வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே ஒரு லாரிக்காரன் இன்னொருவனைத் திட்டுவது முழுசாகக் கேட்டது. மின்விசிறி கறகறத்தது. மேடம் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பதில் தொண்டை வரைக்கும் வந்து நிற்பது அவர் முகத்தில் தெரிந்தது. தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்தார். மூடினார். மறுபடி திறந்து குடித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

முன்வரிசைப் பையன் ஒருவன், “அதேதான் மேம், தொடர்ந்து” என்றான். மேடம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “வேற யாராவது?” என்றார். மறுபடி நின்றார்.

என் பக்கத்தில் பெஞ்சு அசைந்தது. அந்தப் பெண் எழுந்திருந்தாள். பெஞ்சு விளிம்பை விடாமல் பிடித்திருந்தாள்.

“இல்ல மேம். அது வேற.”

“எப்படி வேற?”

“‘தூங்கிக்கினு கீறான்’னா இன்னும் முடியல, நடந்துக்கினே கீது. ‘இட்டுக்கினு வந்தா’ல நடந்து முடிஞ்சிடுச்சு. அங்க கினுன்னா...” நிறுத்தினாள். தன் கையால் காற்றில் ஒரு சின்னக் கையைப் பிடிப்பது போலக் காட்டினாள். “தன்கூட வச்சிக்கிறது மேம். விட்டுட்டு வரல, புடிச்சிக்கினு வந்துட்டா.”

மேடம் பாட்டிலை மேசையில் வைத்தார். “உன் பேரு என்னம்மா?” என்றார். அவள் சொன்னாள். அந்தப் பெயரைப் பலகையில் அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதினார். “இத நான் நடத்தணும்னு மூணு பக்கம் எழுதி வச்சிருந்தேன். நீ ஒரு கையில சொல்லிட்ட.”

வகுப்பு கைதட்டியது. இந்த முறை நானும் தட்டினேன், விதியாவது ஒன்றாவது. அந்தப் பெண் உட்காரவே மறந்து நின்றுகொண்டிருந்தாள். பிறகு அவளுக்கு எதிர்க்கட்சியாக முன்வரிசைப் பையன் எழுந்து, அப்படியென்றால் ‘சிரிச்சிக்கினு வந்தா’ எதில் சேரும் என்று கேட்டான். அதற்கு இரண்டு பேர் எழுந்து இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவர்கள் சண்டையைக் கேட்டார். பாடம் நடத்தும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பருவ முடிவில் ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் ஒவ்வொரு ஜோடியாக எழுந்து பேசச் சொன்னார். சிலர் “நன்றாக இருந்தது” என்று சொல்லி உட்கார்ந்தார்கள். எங்கள் முறை வந்ததும் தமிழ் மேடம் எழுந்து, விதியை மீறி வாயைத் திறந்ததை முதலில் சொன்னார். பிறகு ஷேர் ஆட்டோவைச் சொன்னார், இரண்டு கையையும் மோதவிட்டுக் காட்டினார். முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்போ என்னை வெளியே தள்ளுறது எது?” என்று கேட்டார். அவருக்கும் அது சந்தேகமாகவே இருந்திருக்கிறது. நான் எழுந்து விளக்கினேன். எந்தத் தமிழில் பேசுகிறேன் என்று யோசிக்கவில்லை. பாதி வழியில் அது வியாசர்பாடியாக இருந்தது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிரித்தவர்கள், புரிந்துவிட்டதால் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்தபோது கணக்கு சார் பக்கத்தில் வந்து நின்றார். அதிகம் பேசாதவர்.

“அடுத்த பருவத்துல சீட்டுக் குலுக்காம நேராவே கேட்டுக்கலாமா?” என்றார். “நான் உங்க வகுப்புல வந்து உக்காரணும். என் வகுப்புல தலையாட்டுறவங்க உங்க வகுப்புல எப்படி அவ்வளவு சத்தம் போடுறாங்கன்னு பாக்கணும்.”

“வாங்க சார்” என்றேன். “ஆனா சும்மா உக்காரக் கூடாது. புரியலன்னா கையத் தூக்கணும்.”

தமிழ் மேடம் பின்னாலிருந்து, “எனக்கும் ஒரு இடம் போட்டு வைங்க. இன்னும் மின்சாரம் புரியணும்” என்றார்.

ஜூனில் கல்லூரி திறந்தது. முதல் வாரத்திலேயே இருவரும் வந்துவிட்டார்கள். பெஞ்சில் இடம் போதாமல் பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்தார்கள். நான் பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பி, “இன்னா, ஆரம்பிக்கலாமா?” என்றேன்.